பொம்மைப் படம்தானே என்று விட்டுவிடலாமா?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ, பேட்டில்ஷிப் என்று குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களை வைத்து எடுத்த அதிரடிப் படங்களை சீரியஸாக எடுத்துக்கொண்டு பேசலாமா? அல்லது மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்து, வெளியே வந்ததும் மறந்துவிட வேண்டியதுதானா? கேட்டவர் இன்னொன்றும் சொல்கிறார். இந்தப் படங்களில் ஏதாவது குறை சொன்னால், "பொம்மைப் படத்துக்குப் போய் இவ்வளவு அலசலா?" என்று கூட இருப்பவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்களாம்.

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் பதில். அதற்காக இவையெல்லாம் நல்ல படங்கள் என்று நான் வாதாட வரவில்லை. பாதிக்கு மேல் மோசமானவைதான். ஆனால் ஒரு படம் ஏன் மோசம் என்று சொல்வதற்கே முதலில் அதை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும்.

"பொம்மைப் படம்தானே" என்ற பேச்சை இரண்டு தரப்புமே பேசுகிறது, கவனித்திருப்பீர்கள். பிடிக்காதவர்கள், இதைப் பற்றிப் பேசுவதே நேர விரயம் என்ற பொருளில் சொல்கிறார்கள். பிடித்தவர்கள், இதில் போய்க் குறை கண்டுபிடிக்காதே என்ற பொருளில் சொல்கிறார்கள். இரண்டாலும் தப்பித்துக்கொள்பவர் படம் எடுத்தவர்தான். 2012-ல் வந்த பேட்டில்ஷிப்புக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவானது. அவ்வளவு பணமும் உழைப்பும் கொட்டி எடுத்து, உலகம் முழுக்க டிக்கெட் போட்டு விற்ற ஒரு பொருளைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றால், அது கொஞ்சம் அதிகப்படியான சலுகை.

மூலம் என்ன என்பதை வைத்துப் படத்தை எடை போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2003-ல் வந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன், டிஸ்னி பூங்காவில் படகில் உட்கார்ந்து சுற்றி வருகிற ஒரு சவாரியிலிருந்து பிறந்த படம். அதற்காக ஜானி டெப்புக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் பரிந்துரை கிடைக்காமல் போகவில்லை. மட்டமான நாவல்களிலிருந்து அருமையான படங்கள் வந்திருக்கின்றன, மகா காவியங்களிலிருந்து தூக்கம் வரவழைக்கும் படங்களும் வந்திருக்கின்றன. அந்தக் கணக்கில் பொம்மையை மட்டும் தனியாக ஒதுக்க என்ன இருக்கிறது?

சரி, ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. பொம்மைக்குக் கடையில் விலை இருக்கிறது, அதைச் செய்கிற நிறுவனம் இருக்கிறது. நாவலைப் படமாக்கினால் புத்தகம் கூடுதலாக விற்பது ஒரு உபரி லாபம். பொம்மையைப் படமாக்கும்போது அந்த விற்பனைதான் பல நேரம் படம் உருவாவதற்கே காரணம். இதை மறைத்துவிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை. இந்த உறவுக்கு ஒரு வரலாறும் உண்டு, அது சுவாரசியமானது.

மேட்டல் நிறுவனம் 1968-ல் ஹாட் வீல்ஸ் என்ற குட்டிக் கார்களை இறக்கியது. அடுத்த ஆண்டே அதே பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் வந்தது. போட்டி பொம்மை நிறுவனம் ஒன்று, இது நிகழ்ச்சியே கிடையாது, அரை மணி நேர விளம்பரம் என்று அரசின் தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் செய்தது. ஆணையமும் அதில் நியாயம் இருப்பதாகச் சொல்லி, அதில் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கு வைக்கச் சொன்னது. அதோடு பொம்மைக் கார்ட்டூன்கள் அடங்கின. 1980-களின் தொடக்கத்தில் ரீகன் ஆட்சியில் பிடி தளர்ந்தது. 1983-ல் ஹீ-மேன் என்ற பொம்மை வீரன் கார்ட்டூனாக வந்தான். 1984-ல் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கான விளம்பர நேர வரம்பே நீக்கப்பட்டது. மடை திறந்த மாதிரி பொம்மைக் கார்ட்டூன்கள் வந்து குவிந்தன. 1990-ல் புதுச் சட்டம் போட்டுத்தான் விளம்பர நேரத்துக்கு மறுபடி வரம்பு கட்டினார்கள்.

இடையில் நடந்த ஒரு தில்லாலங்கடி வேலையையும் சொல்லிவிடுகிறேன். பொம்மை விளம்பரத்தில் கார்ட்டூன் காட்சிகளை எவ்வளவு காட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. காமிக்ஸ் புத்தகத்தை விளம்பரம் செய்ய அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. 1982-ல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் என்ன செய்தது? தன் படைவீரன் பொம்மையான ஜி.ஐ. ஜோவை வைத்து மார்வெல் வெளியிட்ட காமிக்ஸுக்குத் தொலைக்காட்சியில் முழு கார்ட்டூன் விளம்பரம் போட்டது. புத்தகத்தை விற்கிற சாக்கில் பொம்மை விற்றது. இன்றைக்கு நாம் பார்க்கும் பொம்மைப் படங்களின் தாத்தா அந்த முப்பது விநாடி விளம்பரங்கள்தான்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸின் பிறப்பும் இதே ரகம். ஜப்பானில் டகாரா நிறுவனம் இரண்டு தனித்தனி வரிசைகளில் உருமாறும் ரோபோக்களை விற்றுக்கொண்டிருந்தது. ஒன்று டயாக்ளோன். அதில் காரும் லாரியும் ரோபோவாக மாறும், ஓட்டுவதற்கு விரல் நுனி அளவு ஆளும் உண்டு. இன்னொன்றில் கேசட், துப்பாக்கி போன்ற வீட்டுப் பொருட்கள் அவற்றின் நிஜ அளவிலேயே ரோபோவாகும். ஹாஸ்ப்ரோ இரண்டிலிருந்தும் பொறுக்கியெடுத்து, ஒரே கூடையில் போட்டு, 1984-ல் புதுப் பெயரில் அமெரிக்காவில் விற்றது. அதனால்தான் நாயகன் ஆப்டிமஸ் பிரைம் ஒரு பெரிய லாரி, வில்லன் மெகட்ரான் ஒரு கைத்துப்பாக்கி. மாபெரும் ரோபோ எப்படிக் கைக்குள் அடங்கும் துப்பாக்கியாகச் சுருங்குகிறது என்பதற்குக் கார்ட்டூனில் கடைசிவரை உருப்படியான விளக்கம் கிடையாது. இரண்டு தொழிற்சாலை வரிசைகள் கலந்ததன் தழும்பு அது.

அந்த பிளாஸ்டிக் குவியலுக்கு உயிர் கொடுத்தது மார்வெலின் எழுத்தாளர்கள். பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் பின்புறமும் அந்த ரோபோவின் சுபாவம் சில வரிகளில் இருக்கும். பலம், அறிவு, வேகம், துணிச்சல் என்று பத்துக்கு எவ்வளவு என ஒரு வரைபடமும் இருக்கும். அது சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவில் மறைந்திருக்கும். பெட்டிக்குள் வரும் சிவப்பு பிளாஸ்டிக் தாளை அதன் மேல் வைத்தால்தான் தெரியும். விற்பனை உத்திதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த ரோபோவுக்குத் துணிச்சல் அதிகம், புத்தி மட்டு என்று ஒரு குழந்தை படித்த கணத்தில் அது வெறும் லாரியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்கப்புறம் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அந்தக் குழந்தை முடிவு செய்கிறது.

1986-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் கட்சிக்கு அதுதான் முதல் சாட்சி.

1984-ல் வந்த பொம்மைகளின் காலம் முடிந்துவிட்டது, புது வரிசை கடைக்கு வரப்போகிறது. எனவே பழைய பாத்திரங்களை அப்புறப்படுத்த வேண்டும். முடிவு எடுத்தது பொம்மைப் பட்டியலை வைத்துக்கொண்டிருந்தவர்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய ரோபோக்கள் ஒரு விண்கலத்துக்குள் வரிசையாகச் சுட்டுக் கொல்லப்படுகின்றன. பிறகு ஆப்டிமஸ் பிரைம் மெகட்ரானுடன் மோதிப் படுகாயம் அடைகிறான். நண்பர்கள் சுற்றி நிற்க, படுக்கையில் கிடந்தபடி தலைமைப் பொறுப்பை ஒப்படைக்கிறான். தலை ஒரு பக்கம் சாய்கிறது. சிவப்பும் நீலமுமான உடம்பு நிறமிழந்து சாம்பலாகிறது.

பட்டியலில் ஒரு வரியை அடிப்பது போல எடுத்த முடிவு, திரையரங்கில் மரணமாக வந்து விழுந்தது. குழந்தைகள் அழுதார்கள், கோபப்பட்ட பெற்றோரும் பிள்ளைகளும் கடிதம் எழுதினார்கள். தாங்கள் விற்றது என்ன என்பதே நிறுவனத்துக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். 1987 தொடக்கத்தில் தொடர் கார்ட்டூனில் ஆப்டிமஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அதைவிட வேடிக்கை, அதே சமயம் தயாராகிக்கொண்டிருந்த ஜி.ஐ. ஜோ கார்ட்டூன் படத்துக்கு நேர்ந்தது. அதில் டியூக் என்ற தளபதி நெஞ்சில் ஈட்டி பாய்ந்து சாகிறான். படமும் வரைந்தாகிவிட்டது. ஆப்டிமஸ் அனுபவத்துக்குப் பிறகு அவனைச் சாகடிக்கத் துணிச்சல் வரவில்லை. காட்சியை மாற்றவும் நேரமில்லை. அவன் கோமாவில் இருக்கிறான் என்று யாரோ சொல்கிற மாதிரி ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள். படத்தைப் பாருங்கள், சுற்றி நிற்பவர்கள் முகங்களில் துக்கம் அப்படியே இருக்கும். கண்ணுக்குச் சாவு, காதுக்குக் கோமா.

பொம்மையை சீரியஸாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி 1986-லேயே தீர்ந்துவிட்டது என்பேன். பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த 1986 படத்தில் கிரகத்தையே விழுங்கும் ராட்சசனுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். சிட்டிசன் கேன் என்ற புகழ்பெற்ற படத்தை எடுத்த அதே வெல்ஸ். அதுவே அவருடைய கடைசிப் பட வேலைகளில் ஒன்று, படம் வெளிவருமுன் 1985 அக்டோபரில் காலமானார். தான் ஒரு பொம்மைக்குக் குரல் கொடுத்ததாகவும், பாத்திரங்களின் பெயர்கூட நினைவில்லை என்கிற தொனியிலும்தான் அவர் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மறுபுறம், ஹீ-மேன் பொம்மையை வைத்து 1987-ல் வந்த மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் படத்தில் மண்டையோட்டு முகத்துடன் வில்லன் ஸ்கெலட்டராக நடித்த ஃபிராங்க் லாங்கெல்லா, மேடை நாடகத்தில் டோனி விருது வாங்கியவர். தனக்கு மிகவும் பிடித்த வேடங்களில் அதுவும் ஒன்று என்று பல முறை சொல்லியிருக்கிறார். படம் தோல்வி, விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு அதில் பார்க்கத் தகுந்தது என்று ஒன்று இருந்தால் அது லாங்கெல்லாதான். தடிமனான ரப்பர் முகமூடிக்குள்ளிருந்து, ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் நிற்பது போல ஒவ்வொரு வசனத்தையும் உச்சரிக்கிறார். எதிரே ஹீ-மேனாக நிற்கும் டால்ஃப் லண்ட்கிரன் பாவம், பொம்மையின் உடம்பை அப்படியே கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் இது. பொம்மைப் படம் என்று ஒன்று எடுக்கும்போது இயக்குநர் கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று கடையில் இருக்கும் பொருள். அதன் உருவம், நிறம், முத்திரை எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். இன்னொன்று அந்தப் பொருளை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து குழந்தை ஆடுகிற ஆட்டம். அது யாருக்கும் சொந்தமில்லை. அந்த ஆட்டத்துக்கு விசுவாசமாக இருக்கிற படம் பெரும்பாலும் தேறுகிறது. பொருளுக்கு மட்டும் விசுவாசமாக இருக்கிற படம் எவ்வளவு செலவழித்தாலும் விளம்பரமாகவே நிற்கிறது.

2007-ல் மைக்கேல் பே எடுத்த டிரான்ஸ்ஃபார்மர்ஸைப் பாருங்கள். அதன் கிராபிக்ஸ் வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஐ.எல்.எம். என்ற கிராபிக்ஸ் நிறுவனம் ஆப்டிமஸ் பிரைமை மட்டும் 10,108 தனித்தனி பாகங்களாக உருவாக்கியது. லாரி ரோபோவாக எழுந்து நிற்கும்போது ஒவ்வொரு தகடும் நகர்ந்து, சுழன்று, இன்னொன்றுக்குள் சொருகிக்கொள்கிறது. ஒலிக்கு இரண்டு, கிராபிக்ஸுக்கு ஒன்று என மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டை தொடங்கியதும் என்ன ஆகிறது? எல்லா ரோபோவும் சாம்பல் நிற இரும்புத் துண்டுகளின் குவியல். கேமரா அருகில் போய் ஆடுகிறது, ஷாட் நிலைப்பதற்குள் கட். யார் யாரை அடித்தார்கள் என்று தெரிவதற்குள் ஒருவன் கட்டடத்துக்குள் போய் விழுந்திருப்பான்.

இரண்டு கையிலும் இரண்டு பொம்மையை வைத்து மோதவிடும் குழந்தைக்கு இந்தக் குழப்பம் ஒருநாளும் வராது. யார் எங்கே நிற்கிறான், யார் கை ஓங்கியிருக்கிறது, அடுத்த அடி எங்கிருந்து வரும் எல்லாம் அதற்குத் துல்லியமாகத் தெரியும். "டிஷ்யூம்" என்று வாயால் சத்தம் போடுவதற்கு முன்பே அடிக்கு ஒரு காரணமும் இருக்கும். சண்டைப் படத்தின் அடிப்படை இலக்கணமே இதுதான். பே அந்த இடத்தில்தான் சறுக்குகிறார். பொம்மைகளை வைத்துப் படம் எடுத்ததால் வந்த குறை கிடையாது இது. பொம்மையை வைத்து எப்படி விளையாடுவார்கள் என்பதை மறந்ததால் வந்த குறை.

அப்புறம் பம்பிள்பீ விவகாரம். பழைய பொம்மையில் இந்த ரோபோ ஒரு மஞ்சள் நிற வோக்ஸ்வாகன் பீட்டில் கார், அதாவது வண்டு. 2007 படத்தில் ஷெவர்லே கமாரோ ஆகிவிட்டான். நாயகி, பழைய மாடல் கமாரோவாக இருக்கும் அவனை ஓட்டைக் கார் என்கிற மாதிரி கிண்டல் செய்கிறாள். ரோஷம் வந்து அவளை நடுவழியில் இறக்கிவிட்டு, பளபளக்கும் புது மாடலாக மாறித் திரும்பி வருகிறான். அந்தப் புது மாடல் அப்போது விற்பனைக்கே வரவில்லை, 2009-ல்தான் வந்தது. ஒரு பாத்திரத்தின் ரோஷத்தை வைத்து இரண்டு ஆண்டு முன்கூட்டியே கார் விளம்பரம்! திறமைதான், மறுக்கவில்லை.

2018-ல் அதே பம்பிள்பீயை வைத்து டிராவிஸ் நைட் எடுத்த படத்தில் அவன் மறுபடி வண்டாகிவிடுகிறான். நைட் எங்கிருந்து வந்தவர் என்பது இங்கே முக்கியம். லைக்கா ஸ்டுடியோவில், சிறு பொம்மைகளைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் வேலை செய்தவர். பொம்மையின் தோள் கொஞ்சம் இறங்கினால் என்ன அர்த்தம், தலை ஒரு நூல் சாய்ந்தால் என்ன அர்த்தம் என்பதை விரல்களால் கற்றவர். அது படம் முழுக்கத் தெரிகிறது. அப்பாவை இழந்த சார்லி என்ற பெண், பழைய காரை வீட்டு கராஜுக்குக் கொண்டுவருகிறாள். அது ரோபோவாக விரிகிறது. விரிந்ததும் பயந்துபோய் மூலையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, தன் பெரிய உடம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒடுங்குகிறது. அவள் ஒரு அடி முன்னே வைத்தால் அது பின்வாங்குகிறது. பேச வாயில்லாத அந்த இயந்திரத்துக்கு அச்சம் வருவதும், அச்சம் தெளிவதும் வசனமே இல்லாமல் புரிகிறது. மைக்கேல் பே தன் படங்களில் கொட்டிய அத்தனை பணத்தாலும் இப்படி ஒரு காட்சியை வாங்க முடியவில்லை.

ரோபோக்களின் கிரகத்தில் நடக்கும் தொடக்கச் சண்டையும் அப்படித்தான். உருவங்கள் எளிமை, நிறங்கள் தெளிவு. யார் யார் என்று ஒரு நொடியில் தெரிகிறது. வசூலில் இது 46 கோடி டாலருக்கு மேல்தான் எடுத்தது, மைக்கேல் பேவின் 2011, 2014 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்கள் ஒவ்வொன்றும் 110 கோடியைத் தாண்டியவை. வசூல் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்.

பேட்டில்ஷிப்பில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். படம் மொத்தத்தில் உருப்படியில்லை. காகிதத்தில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, எதிராளியின் கப்பல் எந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று ஊகித்துச் சொல்கிற விளையாட்டு அது. கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை. அதில் வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆனால் நடுவில் ஒரு காட்சி. இரவு நேரம், ரேடார் வேலை செய்யவில்லை, எதிரிக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சுனாமி எச்சரிக்கைக்காகக் கடலில் மிதக்கவிட்ட மிதவைகள் இருக்கின்றன. கப்பல் நகரும்போது தண்ணீர் இடம்பெயர்வதை அந்த மிதவைகள் உணர்த்தும். திரையில் கட்டங்கள் தெரிகின்றன. எழுத்தும் எண்ணும் சொல்லிச் சுடுகிறார்கள், தவறுகிறது. மறுபடி ஊகிக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் படம் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் விளையாட்டில் உள்ள நிஜமான பதற்றம் அதுதான்: எதிரில் இருப்பவன் தெரியவில்லை, ஆனால் அவன் எங்கே என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியும். மீதி இரண்டு மணி நேரத்தையும் இதே புத்தியோடு எடுத்திருந்தால் நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

2014-ல் வந்த லெகோ படம் இந்த வகையில் உச்சம். கடல், நெருப்பு, புகை, வெடிப்பு எல்லாமே ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் லெகோ பிளாஸ்டிக் துண்டுகளால் ஆனவை. கணினியில் செய்ததுதான், ஆனால் நிஜப் பொம்மை எப்படி அசையுமோ அதற்கு மேல் அசையக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தால் பிளாஸ்டிக் மேல் விரல் ரேகை, தேய்ந்த கீறல்கூடத் தெரியும். யாரோ வைத்து விளையாடிய பொருள் அது. வில்லனின் ஆயுதம் என்ன தெரியுமா? பசை. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஒட்டிவிட்டு, யாரும் கலைக்க முடியாதபடி செய்வது. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் ஞாபகம் வருகிறது. தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்காதே என்று சிறுமிகள் அந்தக் குறும்புப் பிள்ளையிடம் கெஞ்சும் பாட்டு. கட்டுவதும் கலைப்பதும் சேர்ந்ததுதான் விளையாட்டு என்று அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. லெகோ படத்துக்கும் தெரிந்திருக்கிறது.

அதற்காக லெகோ நிறுவனம் ஞானம் பெற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அச்சிட்ட குறிப்பைப் பார்த்துக் கட்டுகிற பெட்டிகளை விற்பதும் அதே நிறுவனம்தான். குறிப்பைத் தூக்கிப் போடு என்று படம் சொன்னது, அந்தப் படத்தின் காட்சிகளைக் கட்டக் குறிப்போடு பெட்டிகளும் கடைக்கு வந்தன. 2023-ல் பார்பி படத்தில் மேட்டல் தன் நிர்வாகிகளையே கோமாளிகளாகக் காட்ட அனுமதித்ததும் இதே கணக்கு. (அது அதிரடிப் படம் இல்லை, ஆனாலும் 144 கோடி டாலர் வசூலித்து எட்டு ஆஸ்கர் பரிந்துரை வாங்கிய பிறகு பொம்மைப் படம் என்று யாரும் அதை ஒதுக்கவில்லை.) அளவோடு தன்னைக் கிண்டல் செய்துகொள்வது நல்ல வியாபாரம். படம் நன்றாக இருக்கிறது, வியாபாரமும் நடக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழக வேண்டும்.

இதுவரை சொன்னது கலை. இந்தப் படங்களை சீரியஸாக எடுத்துக்கொள்ள இன்னும் கறாரான காரணம் ஒன்று இருக்கிறது. இவை உலகத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கின்றன என்பது.

ஜி.ஐ. ஜோ 1964-ல் படைவீரன் பொம்மையாக வந்தது. பையன்கள் "டால்" வைத்து விளையாட மாட்டார்கள் என்று பயந்து "ஆக்‌ஷன் ஃபிகர்" என்று புதுப் பெயர் சூட்டினார்கள். வியட்நாம் போர் கசக்கத் தொடங்கியதும் 1970 வாக்கில் அவனை ராணுவத்திலிருந்து எடுத்து சாகசக்காரனாக்கினார்கள். 1982-ல் மறுபடி ராணுவத்தில் சேர்த்தார்கள். ஒரு நாடு தன் போர்களைப் பற்றி என்ன நினைத்தது என்பதை இந்தப் பொம்மையின் உடையை வைத்தே சொல்லிவிடலாம். படங்களும் அப்படியே. 2007 டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விமானங்களையும் ஆட்களையும் கொடுத்து உதவியது. அப்படி உதவி வேண்டுமென்றால் திரைக்கதையை முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும் என்பது அங்கே நடைமுறை. 2014 படத்தின் உச்சக்கட்டம் ஹாங்காங்கில் நடக்கிறது. அதில் அமெரிக்க உளவுத் துறை அதிகாரி வில்லன், ஹாங்காங்கைக் காப்பாற்ற சீன மத்திய அரசு உறுதி சொல்கிறது. அந்தப் படம் அமெரிக்காவைவிட சீனாவில் அதிகம் வசூலித்தது. இதைக் கவனிக்க சினிமா அறிவே தேவையில்லை, செய்தித்தாள் படித்தால் போதும்.

2009 படத்தில் இரட்டை ரோபோக்கள் இரண்டு வருகின்றன. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பேச்சுத் தொனி, எடுப்பான பல், தங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று அவையே சொல்லும் ஒரு காட்சி. "பொம்மைதானே, இதில் என்ன இனம்?" என்று கேட்டார்கள். பொம்மையில் இனம் இல்லை, சரி. அந்தக் குரலையும் அந்தப் பல்லையும் வைத்தது பொம்மையா என்ன? யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த தேர்வு. அதே படங்களில் பெண்களைக் கேமரா பார்க்கும் விதத்துக்கும் இதே பதில்தான். மைக்கேல் பேவின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்கள் எல்லாமே பதின்மூன்று வயதுக்குக் கீழே பெற்றோர் எச்சரிக்கை வேண்டும் என்ற சான்றிதழோடு வந்தவை. அதே படங்களின் பொம்மைகள் ஐந்து வயதிலிருந்தே வாங்கலாம் என்று அட்டையில் போட்டு விற்கப்பட்டன. குறை சொன்னால் "குழந்தைகள் படம்", குழந்தைக்கு ஆகாது என்றால் "பெரியவர்கள் படம்". ஏதாவது ஒரு பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் வாயை அடைப்பவர்களிடம் நீங்கள் நீளமாக வாதாட வேண்டியதில்லை. 2024-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் கார்ட்டூன் படத்தை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். ஆப்டிமஸும் மெகட்ரானும் எதிரிகளாவதற்கு முன் சுரங்கத் தொழிலாளர்கள், உயிர்த் தோழர்கள். உருமாறும் சக்தி இல்லாத கடைநிலை ஆட்கள். தாங்கள் கும்பிட்ட தலைவன் தங்களை ஏமாற்றி, உழைப்பை எதிரிக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தான் என்று இருவருக்கும் ஒரே நாளில் தெரியவருகிறது. ஒருவனுக்கு நியாயம் வேண்டும், இன்னொருவனுக்குப் பழி வேண்டும். மெகட்ரானின் கோபத்தில் தவறே இல்லை, அதுதான் படத்தின் பலம். எந்த நிமிடத்தில் அவன் வில்லனானான் என்று கேட்டால், பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு இடத்தைச் சொல்வார்கள். விமர்சகர்கள் பாராட்டினார்கள், கூட்டம் வரவில்லை. 13 கோடி டாலருக்குள் சுருண்டுவிட்டது. காட்டி முடித்ததும் மெகட்ரான் விஷயத்தில் அவர்கள் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேர் எதிரெதிராகப் பதில் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு நேரம் தள்ளிப்போகும்.